அரைநாள் சவாரிக்கு ஆண்டு முழுவதும் தீவனம் வேண்டும்

துர்கா பூஜை விடுமுறை நெருங்கும்போதே கொல்கத்தாவில் பயணப் பரபரப்பு தொடங்கிவிடுகிறது. பூரி, டார்ஜீலிங் என்ற பழைய பட்டியலுக்கு அடுத்தபடியாக நடுத்தர வங்காளிக் குடும்பங்கள் பல்லாண்டுகளாக விரும்பித் தேர்ந்தெடுத்து வரும் திசை ராஜஸ்தான். ஹவுராவில் ரயிலேறி ஜோத்பூர் வழியாக ஜெய்சால்மர் சென்று, அங்கிருந்து மேற்கே சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ள சாம் மணற்குன்றுகளில் அரைநாளைக் கழிப்பது என்பது அந்தப் பயணத் திட்டத்தின் உச்சம். பிற்பகலில் புறப்பாடு, ஒட்டகச் சவாரி, மணல் சரிவில் பலகை வைத்துச் சறுக்கும் விளையாட்டு, சூரிய அஸ்தமனம், கூடாரத்தில் ஆட்டம் பாட்டத்துடன் இரவு உணவு என்று எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கிவிடுகின்றன.

இது பொழுதுபோக்கு சம்பந்தப்பட்ட சங்கதி, இதில் அரசியல் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். ஆனால், இந்த அரைநாள் உல்லாசத்துக்குப் பின்னால் ஒரு விலங்கினத்தின் எதிர்காலமும், அதை நம்பி வாழும் ஒரு சமூகத்தின் பிழைப்பும், மாநில எல்லைகளைத் தாண்டும் ஒரு சட்டச் சிக்கலும் இருக்கின்றன. அந்த மூன்றிலும் கொல்கத்தாவுக்கு நேரடித் தொடர்பு உண்டு என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

வங்காளிக்கும் தார் பாலைவனத்துக்கும் உள்ள உறவை உருவாக்கியவர் சத்யஜித் ராய். 1969-ம் ஆண்டு வெளிவந்த "கூபி கைன் பாகா பைன்" திரைப்படத்துக்காக அவர் ஜெய்சால்மர் சென்று, ஒட்டகப் படை ஒன்றையே திரையில் அணிவகுக்கச் செய்தார். 1971-ம் ஆண்டு எழுதிய "சோனார் கெல்லா" என்ற துப்பறியும் கதையை 1974-ம் ஆண்டு அவரே படமாக எடுத்தார். தயாரிப்பாளர் வேறு யாருமல்ல, மேற்கு வங்க அரசுதான். ரயிலைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் துப்பறிவாளர் ஃபெலுதாவும் அவரது தோழர்களும் ஒட்டகத்தின் மீதேறிச் செல்லும் காட்சியும், அஞ்சி அஞ்சி ஒட்டகத்தில் அமரும் லால்மோகன் பாபுவின் தவிப்பும் வங்காளிகளின் மூன்று தலைமுறை நினைவில் பதிந்துபோனவை. அதே 1974-ம் ஆண்டு மே மாதம்தான் ஜெய்சால்மர் மாவட்டத்தின் போக்ரானில் இந்தியா தனது முதல் அணுகுண்டுச் சோதனையை நடத்தியது. தில்லியின் அரசியல் வரைபடத்தில் அந்த எல்லைப்புற மாவட்டத்தை அணுகுண்டு இடம்பெறச் செய்தது என்றால், சாமானிய இந்தியனின் சுற்றுலா வரைபடத்தில் அதை இடம்பெறச் செய்ததில் ராயின் படத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

12-ம் நூற்றாண்டைச் சேர்ந்த ஜெய்சால்மர் கோட்டையை "சோனார் கெல்லா" (பொற்கோட்டை) என்ற வங்காளப் பெயரால் அழைத்து, படத்தில் வரும் சிறுவன் முகுலின் வீடு எங்கே என்று கேட்டு வரும் பயணிகளுக்காகவே அங்கு கடைகளும் வழிகாட்டிகளும் தோன்றின. ஆக, அந்த ஊரின் சுற்றுலாப் பொருளாதாரத்துக்குக் கொல்கத்தா ஒரு வகையில் முதலீட்டாளர். அந்த முதலீட்டால் கோட்டையின் அருகே விடுதி கட்டியவர் பயனடைந்தார். ஜீப் வாங்கியவர் பயனடைந்தார். கூடாரம் அடித்தவர் பயனடைந்தார். காட்சிக்குக் காரணமான ஒட்டகம் பயனடைந்ததா?

கணக்கெடுப்புகள் சொல்லும் பதில் வேதனையளிக்கிறது. 1970-களின் இறுதியில் நாட்டில் சுமார் 11 லட்சம் ஒட்டகங்கள் இருந்தன. 2012-ம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பில் அது 4 லட்சமாகச் சுருங்கியது. 2019-ம் ஆண்டு கணக்கெடுப்பில் வெறும் 2.5 லட்சம். ஏழே ஆண்டுகளில் 37 சதவீத வீழ்ச்சி. நாட்டின் ஒட்டகங்களில் மிகப் பெரும்பாலானவை இருக்கும் ராஜஸ்தானில் அதே காலத்தில் 3.26 லட்சமாக இருந்த எண்ணிக்கை 2.13 லட்சமாகக் குறைந்தது. சுற்றுலாப் பயணிகளின் வரவு பெருகிய அதே காலகட்டத்தில்தான் அவர்களைச் சுமக்கும் விலங்கு வேகமாகக் குறைந்திருக்கிறது.

ஒட்டகம் குறைந்ததற்கு முதற் காரணம் அது வேலையிழந்ததுதான். ஏர் உழவும், கிணற்றில் நீரிறைக்கவும், வண்டியிழுக்கவும், குதிரையும் மாடும் போகாத மணலில் பொதி சுமக்கவும் பயன்பட்ட ஒட்டகத்தின் இடத்தை டிராக்டரும் லாரியும் பிடித்துக் கொண்டன. இதில் யாரையும் குறை கூறுவதற்கில்லை. இரண்டாவது காரணம் மேய்ச்சல் நிலத்தின் சுருக்கம். 1958-ம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்ட இந்திரா காந்தி கால்வாய் வறண்ட நிலத்தை வயலாக்கியது. பாலைவனத்தில் பயிர் விளைந்தது நாட்டுக்கு லாபம். ஆனால், வேலியிட்ட வயல் ஒட்டகத்துக்கு மூடிய கதவு.

மூன்றாவது காரணம் வியப்பானது. ஒட்டகத்தைக் காப்பதற்காகவே இயற்றப்பட்ட சட்டம் அது. 2014-ம் ஆண்டு ராஜஸ்தான் அரசு ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தது. 2015-ம் ஆண்டு ஒட்டக வதையைத் தடை செய்தும், மாநிலத்துக்கு வெளியே கொண்டுசெல்வதைக் கட்டுப்படுத்தியும் சட்டம் கொண்டு வந்தது. அரசின் நோக்கத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. பக்ரீத் பண்டிகையை ஒட்டி ராஜஸ்தானிலிருந்து ஒட்டகங்கள் நெடுந்தொலைவு கடத்திச் செல்லப்படுவதும், அவற்றில் ஒரு பகுதி மேற்கு வங்கத்துக்கும் அதையும் தாண்டி வங்கதேச எல்லைக்கும் போய்ச் சேர்வதும் அப்போது அடிக்கடி செய்தியாயின. லாரியில் கால்களைக் கட்டிப் படுக்க வைத்து 2,000 கி.மீ.க்கு மேல் ஏற்றிச் செல்வது எந்த மதத்தின் பெயராலும், எந்த வணிகத்தின் பெயராலும் நியாயப்படுத்த இயலாத கொடுமை. தமிழகத்திலும் ஒட்டகங்களை வெட்டுவதற்கு உரிய கூடங்கள் இல்லாததைக் கருத்தில் கொண்டு 2016-ம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது நினைவிருக்கலாம்.

ஆனால், வதையைத் தடுப்பதும் வணிகத்தைத் தடுப்பதும் ஒன்றல்ல. ராஜஸ்தானில் பரம்பரையாக ஒட்டகம் வளர்ப்பவர்கள் ரைக்கா அல்லது ரேபாரி எனப்படும் சமூகத்தினர். ஒட்டகத்தைப் பேணுவதற்காகவே சிவபெருமான் தங்களைப் படைத்தார் என்பது அவர்களது நம்பிக்கை. ஒட்டகத்தை வதைக்கு விற்பதும் அதன் இறைச்சியை உண்பதும் அவர்களுக்கு விலக்கு. பாலை விற்பதுகூட ஒரு காலத்தில் பாவமாகக் கருதப்பட்டது. பெண் ஒட்டகங்களை மந்தையில் வைத்துக்கொண்டு, ஆண் ஒட்டகங்களைப் புஷ்கர், நாகௌர் போன்ற சந்தைகளில் வேலை விலங்காக விற்பதே அவர்களது வருமானம். அண்டை மாநில வியாபாரிகளும் வந்து வாங்கிச் சென்ற சந்தை அது. மாநில எல்லையைத் தாண்ட அனுமதி, அலுவலர் சான்று, வழியில் போலீஸ் சோதனை என்ற நிலை உருவானதும் வெளிமாநிலத்தவர் வரத் தயங்கினர். விலை சரிந்தது. விற்க முடியாத விலங்கை எத்தனை நாள் கட்டித் தீனி போட முடியும்? சட்டத்துக்கு அஞ்சியவர் மந்தையைக் கலைத்தார். அஞ்சாதவர் இரவில் கடத்தினார். காக்க வந்த சட்டம் காவலரை வறுமையில் தள்ளியதுதான் மிச்சம்.

அரசு இதை உணராமல் இல்லை. 2016-ம் ஆண்டு ஒட்டகக் கன்றுக்கு மூன்று தவணைகளில் ரூ. 10 ஆயிரம் வழங்கும் திட்டத்தை ராஜஸ்தான் அரசு அறிவித்தது. பின்னர் வந்த அரசுகளும் பெயரை மாற்றி, தொகையை மாற்றி அதையே தொடர்ந்தன. எனினும், பிறப்புக்கு மானியம் தந்துவிட்டு வாழ்வுக்கு வழி சொல்லாத திட்டம் எவ்வளவு தூரம் செல்லும் என்பது கேள்விக்குறியே.

அரசியல் சட்டத்தின் கோணத்திலும் இது கவனிக்கத்தக்கது. கால்நடைப் பாதுகாப்பு மாநிலப் பட்டியலில் உள்ளது. விலங்குகள் மீதான கொடுமைத் தடுப்பு பொதுப்பட்டியலில் உள்ளது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகமோ மத்தியப் பட்டியலில் உள்ளது. ஒட்டகமோ இந்த மூன்று பட்டியல்களுக்கும் இடையில் நிற்கிறது. ஜெய்ப்பூர் ஒரு கதவை மூடும்போது கொல்கத்தாவில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே அமர்ந்து பேச ஏற்பாடு எதுவும் இல்லை. குடியரசு தின அணிவகுப்பில் எல்லைப் பாதுகாப்புப் படையின் ஒட்டக அணி தலைநகரின் வீதியில் மிடுக்குடன் நடந்து வரும்போது எழும் கரவொலிக்குக் குறைவில்லை. கரவொலி ஓய்ந்த பிறகு, அந்த விலங்கு மாநில அரசின் பொறுப்பாகிவிடுகிறது.

உழவும் போய், சுமையும் போய், சந்தையும் ஒடுங்கிய பிறகு ஒட்டகத்துக்கு மிஞ்சியிருக்கும் வேலைகளில் கண்ணுக்குத் தெரிவது சுற்றுலாச் சவாரி ஒன்றே. கொல்கத்தாவிலிருந்து வரும் குடும்பத்தின் அரைநாள் திட்டத்துக்கு இதனால்தான் முக்கியத்துவம் கூடுகிறது. அந்தத் திட்டத்தில் ஒட்டகத்துக்கு எவ்வளவு இடம் தரப்படுகிறது என்பதைப் பொறுத்து, அடுத்த கோடையில் அந்த ஒட்டகம் தொழுவத்தில் இருக்குமா, லாரியில் இருக்குமா என்பது தீர்மானமாகிறது என்றால் அது மிகையல்ல.

இப்போதைய திட்டத்தில் ஒட்டகத்துக்குத் தரப்படும் இடம் மிகச் சிறியது. ஒரு காலத்தில் ஒரு கிராமத்திலிருந்து அடுத்த கிராமத்துக்கு மணிக்கணக்கில் நீளும் பயணமாக இருந்த சவாரி, சாலையோரத்திலிருந்து மணல் மேட்டுக்குப் போய்த் திரும்பும் சில நிமிட வேடிக்கையாகக் குறுகிவிட்டது. மீதி நேரத்தை மணல்மேட்டில் சீறிப் பாயும் ஜீப்பும், நான்கு சக்கர மோட்டார் வண்டியும், ஒலிபெருக்கியும் எடுத்துக்கொள்கின்றன. மொத்தக் கட்டணமும் முகவரிடம் முன்பே செலுத்தப்பட்டுவிடுவதால், ஒட்டகத்துக்காரருக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பது பயணிக்குத் தெரிவதில்லை. பயணி கேட்பதுமில்லை. ஜீப்புக்கு டீசல் விலை உயர்ந்தால் கட்டணம் உயர்கிறது. தீவன விலை உயர்ந்தால் ஒட்டகத்தின் விலா எலும்பு தெரிகிறது.

சவாரியையே தடை செய்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களது கருணையை எள்ளி நகையாடுவது முறையல்ல. கொல்கத்தாவிலேயே விக்டோரியா நினைவு மண்டபத்தைச் சுற்றிப் பயணிகளை ஏற்றிச் செல்லும் குதிரை வண்டிகளைப் பற்றிய புகார்களை அவர்கள் சுட்டிக்காட்டுவார்கள். எலும்பும் தோலுமான குதிரைகள் வெயிலில் தார்ச்சாலையில் ஓடுவதை எதிர்த்து விலங்கு நல அமைப்புகள் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டின. மும்பையில் 2015-ம் ஆண்டு உயர் நீதிமன்றமே உல்லாசக் குதிரை வண்டிகள் சட்டவிரோதமானவை என்று தீர்ப்பளித்தது. 2021-ம் ஆண்டு அவற்றின் இடத்தில் மின்சாரத்தில் ஓடும் வண்டிகள் அறிமுகமாயின. பெருநகரத்தின் தார்ச்சாலையில் குதிரைக்கு இனி இடமில்லை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால், அதே வாதத்தை அப்படியே பாலைவனத்துக்குப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. குதிரைக்கு மும்பையின் வீதி அந்நியம். ஒட்டகத்துக்குத் தார் பாலைவனம் தாய்வீடு. மணலில் நடப்பதற்கென்றே அமைந்த பாதமும், முள்மரத்தைத் தின்று பால் தரும் உடலும் கொண்ட விலங்கை மணலிலிருந்து விடுவித்து எங்கே அனுப்புவது? மனிதர் வளர்ப்பதனால் மட்டுமே உயிர்வாழும் இனம் அது. வளர்ப்பவருக்குக் காரணம் இல்லாமல் போனால், கருணையின் பெயரால் விதிக்கப்படும் தடையே அதன் கடைசி அத்தியாயமாகிவிடும். 2015-ம் ஆண்டு சட்டம் கற்பித்த பாடம் அதுதானே?

எனவே தேவை தடையல்ல, ஒழுங்கு. அதற்குப் புதிய சட்டம்கூட வேண்டியதில்லை. சுமை இழுக்கும், சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ம் ஆண்டு மத்திய விதிகள் ஒட்டகத்தின் முதுகில் 250 கிலோவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்கின்றன. நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது; வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை வேலை வாங்கவே கூடாது. அறுபது ஆண்டுகளாகச் சட்டப் புத்தகத்தில் தூங்கும் இந்த விதிகளைச் சவாரி புறப்படும் இடத்தில் இந்தியிலும் வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்க எத்தனை ரூபாய் செலவாகும்?

வெளிநாட்டு உதாரணம் ஒன்றும் கவனிக்கத்தக்கது. ஒட்டகச் சவாரியும் மணல் சறுக்கும் சேர்ந்த அரைநாள் உலா என்றவுடன் இன்று கொல்கத்தாவின் வசதி படைத்தவர்களுக்கு ஜெய்சால்மருக்கு முன்பாகத் துபாய் நினைவுக்கு வருகிறது. அந்தத் துபாயில், 225 சதுர கி.மீ. பாலைவனம், அதாவது அந்த எமிரேட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 5 சதவீதம், பாதுகாப்பு வனமாக ஒதுக்கப்பட்டு, குறிப்பிட்ட சில சுற்றுலா நிறுவனங்களுக்கு மட்டும் நிபந்தனைகளுடன் அனுமதி தரப்படுகிறது. ஒட்டகப் பாலைத் தொழிலாக வளர்த்திருக்கிறார்கள். ஒட்டகப் பந்தயத்தில் வங்கதேசம், பாகிஸ்தான், சூடான் நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுவர்களைச் சவாரிக்காரர்களாகப் பயன்படுத்திய கொடுமைக்கு உலகம் எதிர்ப்புத் தெரிவித்தபோது, 2005-ம் ஆண்டு அதைத் தடை செய்து, சிறிய இயந்திர மனிதர்களை ஒட்டகத்தின் முதுகில் ஏற்றினார்கள். கொடுமை நீக்கப்பட்டது, ஒட்டகம் நீக்கப்படவில்லை. எண்ணெய் வளம் உள்ள நாட்டையும் நம் நாட்டையும் ஒப்பிடுவது பொருந்தாது என்பது உண்மையே. ஆயினும், தீமையை மட்டும் பிரித்தெடுத்து அகற்ற முடியும் என்பதற்கு அது சான்று.

இனி நிலத்துக்கு வருவோம். பயணிக்குக் கிடைக்கும் சவாரிக் கட்டணம் மலிவாக இருப்பதன் ரகசியம் அங்கேதான் இருக்கிறது. சுற்றுலாப் பருவம் அக்டோபரில் தொடங்கி மார்ச்சில் முடிந்துவிடும். ஒட்டகம் மீதி ஆறு மாதமும் சாப்பிட்டாக வேண்டும். மழைக்குப் பிறகு அதைப் பொது மேய்ச்சல் நிலத்தில் அவிழ்த்துவிடுவது வழக்கம். கோயிலைச் சார்ந்து, தெய்வத்தின் பெயரால் மரம் வெட்டாமல் காக்கப்படும் "ஓரண்" எனப்படும் காடுகள் அவற்றில் முக்கியமானவை. நம் ஊர்க் கோயில் காடுகளைப் போன்றவை அவை. அங்கு வளரும் கேஜ்ரி மரம் ராஜஸ்தானின் மாநில மரம். தமிழகக் கோயில்களில் தல மரமாக வணங்கப்படும் வன்னியேதான் அது. அதன் தழைதான் ஒட்டகத்தின் இலவசத் தீவனம். ஓரண் இருக்கும்வரை சவாரிக் கட்டணம் அரைநாளுக்குரியதாக இருக்கலாம். ஓரண் போய்விட்டால் அந்த அரைநாள் கட்டணத்திலேயே ஆண்டு முழுவதற்குமான தீவனத்தையும் வாங்கியாக வேண்டும். அது நடக்காத காரியம். அப்போது ஒட்டகத்துக்காரர் ஒட்டகத்தை விற்று ஜீப் ஓட்டுநராகிவிடுவார்.

ஓரண்களில் பல, வருவாய்த் துறைப் பதிவேடுகளில் ஓரணாகப் பதிவாகவில்லை. அதனால் அவை தரிசு நிலம் என்ற கணக்கில் சூரிய மின் நிலையங்களுக்கும் மின்கம்பிப் பாதைகளுக்கும் போய்விடுமோ என்ற அச்சம் ஜெய்சால்மர் கிராமங்களில் நிலவி வருகிறது. தேக்ராய் ஓரணைக் காக்கக் கோரி மக்கள் போராடினர். கானமயில் என்று தமிழில் அழைக்கப்படும் பறவையின் கடைசிப் புகலிடமும் இந்த மண்தான். 3,162 சதுர கி.மீ. பரப்பளவுள்ள பாலைவன தேசியப் பூங்காவும் அதையொட்டிய புல்வெளிகளும் இல்லையென்றால், 150-க்கும் குறைவாகவே எஞ்சியிருப்பதாக மதிப்பிடப்படும் அந்தப் பறவைக்கு வேறு போக்கிடம் இல்லை. பொதுவாக ஒரு முறைக்கு ஒரே ஒரு முட்டை, அதுவும் வெறும் தரையில் இடும் பறவை அது. புல்வெளியில் வழிதவறி ஓடும் ஜீப்பின் சக்கரம் அதற்குப் போதுமான எமன்.

2024-ம் ஆண்டு டிசம்பர் 18-ம் தேதி உச்ச நீதிமன்றம், ஓரண்களை நில அளவை செய்து, வரைபடம் தயாரித்து, வனமாக அறிவிக்கும்படி ராஜஸ்தான் வனத் துறைக்கு உத்தரவிட்டது. கூடலூர் காடுகள் அழிக்கப்படுவதை எதிர்த்து டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-ம் ஆண்டு தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாகவே இந்த உத்தரவும் பிறந்தது. நீலகிரியில் தொடங்கிய சட்டப் போராட்டம் தார் பாலைவனத்தின் ஒட்டகத்துக்கும் நிழல் தருகிறது என்பது தமிழர்கள் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி. அதே வேளையில், வனம் என்று அறிவித்த மறுநாளே மேய்ச்சலுக்குத் தடை விதிப்பது நம் வனத் துறையின் பழைய பழக்கம். ஓரணைக் காத்தவர்களையே ஓரணுக்கு வெளியே நிறுத்தினால், ஒட்டகச் சட்டத்தில் செய்த அதே பிழை நிலத்திலும் திரும்பும்.

செய்ய வேண்டியவை என்ன? முதலாவதாக, 2015-ம் ஆண்டு சட்டத்தில் வதைக்கான கடத்தலையும் வேலைக்கும் பாலுக்குமான விற்பனையையும் தெளிவாகப் பிரித்து, இரண்டாவதை எளிதாக்க வேண்டும். காதில் அடையாள வில்லையும் உரிமையாளர் பதிவும் இருந்தால் ஒட்டகம் எங்கே போகிறது என்பதைக் கண்காணிக்கலாம். இதற்கு ராஜஸ்தான், குஜராத், மேற்கு வங்க அரசுகளை மத்திய அரசு ஒரே மேஜையில் அமர்த்த வேண்டும். இரண்டாவதாக, ஒட்டகப் பாலுக்கு நிலையான கொள்முதல் ஏற்பாடு வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ம் ஆண்டிலேயே ஒட்டகப் பாலுக்குத் தர வரையறை வகுத்துவிட்டது. 2019-ம் ஆண்டு குஜராத்தின் அமுல் நிறுவனம் கட்ச் வளர்ப்போரிடமிருந்து வாங்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கட்ச்சில் முடிந்தது ஜெய்சால்மரில் முடியாதா? மூன்றாவதாக, ஓரண்களில் பாரம்பரிய மேய்ச்சல் உரிமையை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். 2024-ம் ஆண்டை ஒட்டக இனங்களின் ஆண்டாகவும், 2026-ம் ஆண்டை மேய்ச்சல் நிலங்கள் மற்றும் மேய்ப்போர் ஆண்டாகவும் ஐ.நா. சபை அறிவித்தது. ஆண்டுகளைக் கொண்டாடுவதில் நமக்கு இருக்கும் ஆர்வம், நிலங்களை அளப்பதிலும் இருந்தால் நல்லது.

அரசுகள் அசையும்வரை பயணிகள் காத்திருக்க வேண்டியதில்லை. கொல்கத்தாவில் திட்டம் போடும்போதே சிலவற்றை முடிவு செய்துவிடலாம். வெயில் தாழ்ந்த பிறகு புறப்படுவது. ஜீப் சாகசத்துக்கு ஒதுக்கும் நேரத்தையும் பணத்தையும் ஒட்டகத்துக்கு மாற்றி, சில நிமிட வேடிக்கைக்குப் பதிலாக ஒரு மணி நேரமாவது நிதானமான சவாரி செய்வது. மூக்கில் புண்ணோ முதுகில் காயமோ உள்ள ஒட்டகத்தில் ஏற மறுப்பது. சவாரிக்கான தொகையைத் தனியாகப் பிரித்து ஒட்டகத்துக்காரரின் கையிலேயே தருவது. மணல் சறுக்கும் குறையில்லாத விளையாட்டுதான்; எரிபொருள் வேண்டாம், இரைச்சல் இல்லை. காற்று நாள்தோறும் கலைத்து அடுக்கும் வெற்று மணற்சரிவில் சறுக்கிய தடம் மறுநாள் காலைக்குள் மறைந்துவிடும். ஆனால், புல் பிடித்து நிலைகொண்ட மேட்டில் அதைச் செய்தால், கானமயிலுக்கும் கால்நடைக்கும் ஆதாரமான சேவண் புல்லின் வேர் அறுபடும். எந்த மேடு சறுக்குவதற்கு, எந்த மேடு மேய்வதற்கு என்று உள்ளூர்க்காரருக்குத் தெரியும். அவரைக் கேட்டு நடந்தால் போதும்.

இவையெல்லாம் பயணச் செலவைச் சற்று உயர்த்தலாம். மகாராஜாக்களின் அரண்மனை விடுதியில் ஓரிரவு தங்க யோசிக்காமல் செலவிடும் குடும்பத்துக்கு அது பெரிதல்ல. மாறாக, இன்று மலிவாகக் கிடைக்கும் அரைநாளுக்கான பாக்கியை மேய்ச்சல் நிலமும், ரைக்காவின் குடும்பமும், ஒட்டகத்தின் முதுகும் சேர்ந்து கட்டிக்கொண்டிருக்கின்றன.

மேற்கு வங்க அரசு அரை நூற்றாண்டுக்கு முன்பு தன் பணத்தில் ஒரு படம் எடுத்து, ஒரு தலைமுறையையே ஒட்டகத்தின் மீது காதல் கொள்ளச் செய்தது. அந்தக் காதலுக்கு இப்போது பொறுப்பும் வந்து சேர வேண்டும். கோட்டையைக் காக்க யுனெஸ்கோ இருக்கிறது. 2013-ம் ஆண்டு ராஜஸ்தானின் மலைக்கோட்டைகளோடு ஜெய்சால்மரும் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. கல்லால் கட்டியது நிலைக்கும். உயிருள்ள பாரம்பரியத்துக்கு அத்தகைய பட்டயம் ஏதுமில்லை. தீவனம் கிடைத்தால் இருக்கும், கிடைக்காவிட்டால் போய்விடும். ஒட்டகம் இல்லாத பாலைவனத்தைப் பார்க்க ஹவுராவிலிருந்து எவரும் ரயிலேறப் போவதில்லை என்பதை ஜெய்ப்பூரும் கொல்கத்தாவும் தில்லியும் உணர்ந்தால் சரி.